தீமணிக்குச் சந்தனம் வைத்தவன்

சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றின தெருவில் இன்ன சாதி நடக்கலாம், இன்ன சாதி நடக்கக்கூடாது என்று இருந்ததை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் தொடங்கின வருஷம் அது, மக்கா. கொல்லம் வருஷத்தை வைத்து ஊரார் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்கிற பெருவெள்ளம் வந்து போய் இரண்டு வருஷம் முழுசாகத் திகையவில்லை. ஆற்றங்கரைத் தென்னைகளில் வெள்ளம் ஏறி நின்ற சேற்றுக்கோடு இன்னும் அழியாமல் கிடந்தது. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. எண்ணைச் சொல்லி வருஷத்தைச் சொல்ல எனக்குத் தெரியாது என்று உனக்குத் தெரியும். அந்த வருஷம் வேறு என்ன நடந்தது என்று பக்கத்தில் வைத்துத்தான் சொல்லத் தெரியும். எழுத்தும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி சரோஜா எழுதுகிறாள். அப்பாவுக்குக் குறைச்சல் என்று நினைத்து எதையும் மாற்றக்கூடாது, சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். இனிமேல் வரப்போவதை அவளும் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கப்போகிறாள்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மில்லில் உன்னைச் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள் என்று அவள் வாசித்ததும் உன் அம்மா படத்துக்கு ஒரு பிச்சிப்பூச் சரம் வாங்கிப் போட்டேன். இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருப்பாள். அந்தச் சந்தோஷத்தோடேயே மிச்சத்தையும் வாசி என்றேன். நீ எழுதியிருந்தாய்: மில்லில் தீப்பிடித்தால் அடிக்கிற மணிக்கு ஒரு பொத்தான் இருக்கிறது, கண்ணாடிப் பெட்டிக்குள்ளே, வேலைக்கு வரும் பெண்பிள்ளைகள் விளையாட்டாக அதை இரண்டு தடவை அழுத்திவிட்டார்கள், மில் நின்றுபோயிற்று, அதனால் நீ அந்தப் பெட்டிக்கு ஒரு பூட்டுப் போட்டு, சாவியை உன் மேசைக்குள் வைத்துக்கொண்டாய், மேலே உள்ளவர்கள் உன்னை நல்ல நிர்வாகம் என்று மெச்சினார்கள். சரோஜா அதை வாசித்துவிட்டு அண்ணனுக்குக் கெட்டிக்காரத்தனம் உண்டு என்றாள். சோறு எடுத்து வைத்தாள், இறங்கவில்லை. மூன்று நாள் இப்படியே போனது. நாலாம் நாள் அவளைக் காகிதம் எடுக்கச் சொன்னேன்.

சின்னப் பிள்ளையில் உன்னைக் குமாரகோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போவேன், நினைவிருக்கிறதா? உனக்கு மணி எட்டாது. தூக்கிப் பிடிப்பேன், நீ அடிப்பாய். ஒரு தடவை கேட்டாய்: "அப்பா, நீங்க மட்டும் ஏன் அடிக்க மாட்டேங்கிய?" தோளில் பிடிப்பு என்று சொன்னேன். பிள்ளையைத் தூக்குகிற தோளில் பிடிப்பு எப்படி வரும் என்று உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. முப்பத்தைந்து வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் அவளிடம் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்லப்போகிறேன். ஆகவே இதை நின்றுகொண்டு வாசிக்காதே, உட்கார்ந்து வாசி.

குளச்சலுக்குப் போகிற ரோட்டில் ஒரு தும்புக் கம்பெனி இருந்தது. இப்போது அந்த இடத்தில் தென்னந்தோப்பு. பனைமட்டையின் அடிப்பத்தையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, கொட்டாப்புளியால் அடித்து, தும்பைப் பிரித்து, ஆணிச் சீப்பில் வாரி, நீளம் பார்த்துக் கட்டுக் கட்டி, கப்பலுக்கு அனுப்புவார்கள். அங்கே எனக்கு வேலை, வாசல் காவலும் மணி அடிப்பதும். வேலை தொடங்க ஒரு மணி, கஞ்சிக்கு ஒரு மணி, போக ஒரு மணி. அடிப்பதும் வாருவதும் கட்டுவதும் எல்லாம் பெண்கள், ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். அநேகம் பேர் வேதத்தில் சேர்ந்தவர்கள், மிஷன் கோயிலுக்குப் போகிறவர்கள். வேதத்தில் சேர்ந்தும் எங்கள் கண்ணில் அவர்களுடைய பழைய சாதி போகவில்லை. அவர்கள் சாதியையும் நம்முடைய சாதியையும் இந்தக் கடிதத்தில் நான் பெயர் சொல்லப்போவதில்லை. அன்றைக்கு அதைச் சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவும் நடந்தது.

ஆபீஸ் ஓட்டுக்கட்டிடம், உயரமான வராந்தா, மூன்று படி. படியிலிருந்து பத்தடி தள்ளி முற்றத்தில் வரிசையாகக் கல் பதித்துச் சுண்ணாம்பு அடித்திருக்கும். வெள்ளைக்கல் என்று சொல்வோம். அந்தப் பெண்கள் அந்தக் கல்லைத் தாண்டக்கூடாது. எதையாவது சொல்ல வேண்டுமென்றால் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று சொல்ல வேண்டும். நான் அந்தக் கல்லைப் பதித்தவன் இல்லை. ஆனால் மாசத்துக்கு ஒரு தடவை அதற்குச் சுண்ணாம்பு அடித்தவன் நான்தான்.

சத்தியாக்கிரகத்துக்கு முந்தின வருஷம் கொச்சியிலிருந்து இன்சூரன்ஸ் துரை ஒருவர் வந்தார். சரக்குக் கொட்டகையைப் பார்த்தார், சாயம் காய்ச்சுகிற அடுப்பைப் பார்த்தார், தலையில் கையை வைத்துக்கொண்டார். காய்ந்த தும்பு எப்படிப் பிடிக்கும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ பஞ்சுக்குள்ளே வேலை பார்க்கிறவன். அவர் சொன்னதைக் கணக்கர் தமிழில் சொன்னார்: எட்டு வாளியில் தண்ணீர், ஐந்து வாளியில் மணல், ஒரு பெரிய மணி. கொட்டாப்புளி அடிக்கிற சத்தத்தில் மனுஷன் கூப்பிட்டால் கேட்காது, மணி போட்டால்தான் கேட்கும். அந்த மணி வேலை நடக்கிற இடத்தில் யார் கைக்கும் எட்டுகிற மாதிரித் தொங்க வேண்டும். புகையை யார் முதலில் பார்க்கிறாரோ அவர் ஓடிப்போய் அடிக்க வேண்டும், யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கக்கூடாது. பெண்களையும் கூட்டி நிறுத்தி இதை அவர் சொல்ல வைத்தார். துரை போன பிறகு முதலாளி இனயம் பக்கம் கரைதட்டின பழைய கப்பலில் கழற்றின மணி ஒன்றை ஆள்விட்டு வாங்கினார். நல்ல வெண்கலம், பலாக்காய் மாதிரிக் கனம். ஒரு அடி அடித்தால் ஊர் எல்லைவரை கேட்கும்.

மணி வந்தது புரட்டாசியில், சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள். மறுநாள் கணக்குப் புத்தகம், தராசு, சீப்பு, கொட்டாப்புளி எல்லாவற்றையும் பூஜைக்கு வைத்தபோது இந்த மணியையும் வைத்தோம். வைத்த பிறகு அதை எடுத்துக் கொட்டகையில் தொங்கவிட யாருக்கும் மனசு வரவில்லை. சாமிக்கு முன்னால் இருந்த மணி, கண்டவள் தொட்டால் தீட்டாகிவிடும் என்று கணக்கர் சொன்னார். துரை திரும்ப வந்து பார்த்தால் மணி இருக்க வேண்டும், அவ்வளவுதானே. எங்கே இருக்கிறது என்று அளக்கவா போகிறார் என்று சிரித்தார். ஆபீஸ் வராந்தாவில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் அதைத் தொங்கவிட்டோம். பழைய தகட்டு மணியை விட்டுவிட்டு வேலை மணியும் அதிலேயே அடிக்கச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை தோறும் நான் குளித்துவிட்டு வந்து அதைப் புளி போட்டுத் துலக்கிச் சந்தனம் வைப்பேன். அதைத் தொட எனக்கு மட்டும்தான் உரிமை. அந்தப் பெருமை சாதாரணமானது இல்லை மக்கா. வாசிக்கத் தெரியாதவனுக்குக் கிடைத்த பெரிய உத்தியோகம்.

பெண்களுக்கு எல்லாம் விளங்கித்தான் இருந்தது. ஏசுவடியாள் என்று ஒரு வயசான பொம்பளை, கட்டுக் கட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, வாய்க்கும் அப்படியே. ஒரு நாள் கஞ்சி குடிக்கும்போது மற்றவளுகளிடம் எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்: "தீப்பிடிச்சா பயப்படாதிய பிள்ளைகளே. ஏமான் குளிச்சு, நெத்தியில பூசி, வெத்தலையத் துப்பி, வாய் கொப்பளிச்சுட்டு வந்து மணியடிப்பாரு. அதுக்குள்ள தீக்கே காத்திருந்து மடுத்துப்போயி அணைஞ்சிரும்." ஏமான் என்றது என்னைத்தான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. துரை சொன்ன மணல் வாளி ஐந்தும் வராந்தாவில் இருந்தன. அவற்றில் நானும் கணக்கரும் துப்பின வெற்றிலைத் துப்பல்தான் கிடந்தது.

சுசீந்திரத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கினதும் கணக்கருக்கு உறக்கம் போய்விட்டது. இன்றைக்குத் தெரு கேட்கிறவன் நாளைக்கு வராந்தா கேட்பான் என்பார். ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு இவளுகள் படியேறிப் பார்ப்பாளுகள், நீ கண்ணை மூடிவிடாதே என்று என் கையில் ஒரு பிரம்பையும் கொடுத்தார். எனக்கு இருபத்திரண்டு வயசு. அதுவரை கோழியைக்கூட அடித்து விரட்டாத கை அது.

மாசி மாசம், நல்ல உச்சிவெயில். கஞ்சி நேரம் முடிந்து பெண்கள் கொட்டகைக்குள் போயாயிற்று. கொட்டாப்புளிச் சத்தம் மறுபடி தொடங்கிவிட்டது. முதலாளி ஊரில் இல்லை. கணக்கர் உள்ளறையில் சாய்ந்திருந்தார். பெண்களை வேலை வாங்குகிற கங்காணி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். நானும் சாப்பிட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது கொட்டகைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். தும்பு வாருகிறவள், பதினெட்டு பத்தொன்பது வயசு இருக்கும். அவள் பெயர் அன்று எனக்குத் தெரியாது. எங்களுக்கு எல்லாரும் "ஏட்டி"தான். பிறகு தெரிந்தது. கடைசியில் சொல்கிறேன்.

வெள்ளைக்கல்லில் வந்து நின்றாள். வந்த வேகத்தில் ஒரு கால் கல்லுக்கு இந்தப் பக்கம் விழுந்துவிட்டது. "ஏமானே, சாயக்கொட்டகைக்குப் பொறத்த தும்புல பொகை. மணி அடிக்கணும்" என்றாள். அவள் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. இதைத்தான் நீ குறித்துக்கொள்ள வேண்டும். கேட்காமல் இல்லை. ஆனால் என் கண் அவள் காலைத்தான் பார்த்தது. காலைப் பின்னால எடு ஏட்டி என்றேன். கங்காணியிடம் போய்ச் சொல், அவர் வந்து பார்த்துச் சொன்னால் அடிக்கிறேன் என்றேன். துரை சொன்னது அதுவா? இல்லை. ஆனால் மணி வராந்தாவுக்கு வந்த பிறகு சட்டமும் அதனோடு ஏறி வந்துவிட்டது, கங்காணி சொல்லாமல் அடிக்கக்கூடாது என்று. சாயக்கொட்டகையில் என்றைக்கும் புகைதானே, இவள் என்னத்தைக் கண்டாள் என்றும் நினைத்தேன். கணக்கர் சொன்ன சாக்கு இதுதான் என்றும் நினைத்தேன். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் நினைத்தேன். புகை வருகிறதா என்று எழுந்து பார்க்க மட்டும் நினைக்கவில்லை.

அவள் ஓடினாள். கங்காணியைத் தேடியிருக்கிறாள், அவர் இல்லை. திரும்பி வந்தாள். இந்தத் தடவை கல்லில் நிற்கவில்லை. நேரே வந்து முதல் படியில் கையை ஊன்றினாள், ஏறி மணிக்கயிற்றைப் பிடிக்கத்தான். நான் பிரம்பை எடுத்து அந்தக் கையில் அடித்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. வலது கை. நடுவிரல் ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் கத்தவில்லை. கையை எடுக்கவும் இல்லை. என் முகத்தைப் பார்த்து, மெதுவாக, பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரிச் சொன்னாள்: "என்னை அடிச்சுக்கிடுங்க ஏமானே. பொறவு அந்த மணியையும் அடியுங்க. எங்க அக்கா மச்சுல இருக்கா."

அப்போதுதான் நான் தலையைத் தூக்கினேன். கொட்டகைக் கூரைக்கு மேலே புகை கறுப்பாக எழுந்து நின்றது. இனி கங்காணி வேண்டாம், யாரும் சொல்ல வேண்டாம் என்று எனக்கு விளங்கிவிட்டது. மணிக்கயிறு இரண்டு எட்டில் இருந்தது. இப்போது நான் சொல்லப்போவதை எழுதச் சரோஜா கை நிற்கிறது, எழுது என்கிறேன். நான் மணியிடம் போகவில்லை. மறுபக்கம் போனேன். அங்கே கிண்டியில் தண்ணீர் இருந்தது. வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பி, வாய் கொப்பளித்து, கையைக் கழுவி, வேட்டியில் துடைத்துவிட்டுத்தான் கயிற்றைப் பிடித்தேன். எச்சில் வாயோடும் எச்சில் கையோடும் அதைத் தொடக்கூடாது என்று அத்தனை மாசமாகப் பழகின பழக்கம். அதைத் தொடுமுன் கை தானாகக் கிண்டியைத் தேடிப் போகும். போயிற்று. ஏசுவடியாள் சொன்னாளே, அதேபடி. அவள் கேலிக்குச் சொன்னதை நான் செய்து காட்டினேன். அந்தப் பெண் படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தேன். தோள் இற்றுப்போக அடித்தேன். கீழே வேலை செய்தவர்கள் எல்லாரும் கொட்டாப்புளியைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டார்கள். சரக்குக் கொட்டகையின் மச்சில் இரண்டு பேர் கட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஏசுவடியாள். மற்றவள் இந்தப் பெண்ணின் அக்கா, சாராள். ஒரு சின்ன ஏணிதான் வழி. மச்சுக்கு மணிதான் கேட்கும், வேறொன்றும் கேட்காது. மணி கேட்டு அவர்கள் ஏணிப்பக்கம் வரும்போது ஏணி எரிந்துகொண்டிருந்ததாம். முதல் தடவை அவள் வந்து சொன்னபோது தீ சாயக்கொட்டகையை விட்டு வரவே இல்லை. அவள் இரண்டாம் தடவை வந்தபோதும் ஏணி பிடிக்கவில்லை. இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். அந்தத் தூரமும் அந்த நேரமும் எனக்குத் தெரியும், இத்தனை வருஷமாக மனசுக்குள் நடந்து நடந்து அளந்திருக்கிறேன். நான் கை கழுவின நேரத்தில் இரண்டு பேர் ஏணியில் இறங்கி முற்றத்துக்கு வந்து மூச்சுவிட்டிருக்கலாம்.

விசாரணைக்கு அதிகாரி வருமுன் கணக்கர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. அன்பாகத்தான் பேசினார், அது இன்னும் மோசம். "ஓய், நீரு பொகையைக் கண்டீரு, உடனே மணி அடிச்சீரு. யாரும் வந்து ஒண்ணும் சொல்லலை. அவ்வளவுதான் நடந்தது" என்றார். இல்லையே, ஒருத்தி வந்தாளே என்றேன். வந்தவளை நீ தடுத்தாய் என்று ஆனால் ஜெயிலுக்குப் போவது நானா நீயா என்று கேட்டார். அதிகாரி கேட்டபோது நான் அவர் சொன்னபடியே சொன்னேன். அவளையும் கேட்டார்கள், வெள்ளைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்து. பெயர் கேட்டார்கள், சொன்னாள். அன்றுதான் அந்தப் பெயரைக் கேட்டேன். இரண்டு தடவை வந்து சொன்னேன் என்றாள். கையில் கட்டுப் போட்டிருந்தது. அது என்ன என்று அதிகாரி கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டு, எரிகிற கட்டைப் பிடித்து இழுக்கப் போனாள், அதில் ஏற்பட்ட காயம் என்றேன். அவள் வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். அக்காளைப் பறிகொடுத்த கலக்கத்தில் என்னவோ சொல்கிறாள் என்று கணக்கர் சொல்ல, அதிகாரி தலையை ஆட்டினார். அவள் சொன்னதைக் குமாஸ்தா எழுதவே இல்லை. எழுதினதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார்கள்: முன்னறிவித்தவர் யாருமில்லை. அதற்குக் கீழே நான் கைநாட்டு வைத்தேன். படித்தவன்தான் பொய் எழுதுவான் என்று சொல்வார்கள் மக்கா, நம்பாதே. பெருவிரலும் பொய் சொல்லும்.

இரண்டு பேரையும் மிஷன் கல்லறையில் அடக்கினார்கள். நான் மதிலுக்கு வெளியே நின்றேன். உள்ளே போகலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. கல்லுக்கு அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குக் கொஞ்சம் தெரிந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன், அழுதேன் கிழுதேன் என்று நினைத்து என் மேல் இரக்கப்படாதே. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியைத் திரும்பக் கட்டினார்கள். மணி அதே வராந்தாவில், அதே பிள்ளையாருக்குப் பக்கத்தில் தொங்கியது. நான்தான் அடித்தேன். இந்த மணியைக் கொட்டகைக்கு மாற்றுங்கள் என்று முதலாளியிடம் ஒரு வாக்கு நான் சொல்லியிருக்கலாம். துரை சொன்னதை அவருக்கு நினைவுபடுத்த எழுத்து வேண்டாமே, வாய் போதுமே. சொல்லவில்லை. கேட்டால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று கேட்டால் அன்று என்ன நடந்தது என்று வரும். என் பொய்யைக் காப்பாற்றுவதற்காக அந்த மணி இன்னும் பத்து வருஷம் படி மேலேயே இருந்தது. அந்தப் பத்து வருஷமும் கீழே வேலை செய்தவர்கள் என் வாய் கொப்பளிப்பை நம்பித்தான் வேலை செய்தார்கள். செய்த குற்றத்தைவிட இதுதான் பெரிது என்று இப்போது தோன்றுகிறது. அது ஒரு நேரத்தில் நடந்தது. இது தினமும் நடந்தது.

திருவிதாங்கூர் மகாராஜா விளம்பரம் போட்டுக் கோயில்களை எல்லாச் சாதிக்கும் திறந்துவிட்ட வருஷம், ஐப்பசிக்குப் பிறகு ஒரு நாள், நானும் வேடிக்கை பார்க்கக் கோயிலுக்குப் போனேன். அதுவரை வெளியே நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். ஒரு கிழவர் பயந்து பயந்து மணியின் நாக்கைத் தொட்டார். யாரும் தடுக்கவில்லை. அவர் ஒரு தடவை அடித்தார். பிறகு பின்னால் வந்தவர்களும் அடித்தார்கள், நிறுத்தாமல், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி மாறி. நிறுத்தாமல் அடித்தால் தீ என்றுதான் எனக்குப் பழக்கம். நான் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் கம்பெனிக்குப் போய்க் கணக்கைத் தீர்த்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து மணி தொடவில்லை. தோளில் பிடிப்பு என்று உனக்குச் சொன்னது அதைத்தான்.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் பழைய பாவத்தைச் சொல்கிற கடிதமாகப் போயிருக்கும். போன வருஷம் நடந்ததையும் சொன்னால்தான் இது முடியும். திங்கள்சந்தையிலிருந்து பஸ்ஸில் வந்தேன். உட்கார்ந்தபோது பக்கத்தில் யார் என்று பார்க்கவில்லை. பஸ் திரும்பும்போது முன்கம்பியைப் பிடித்த கையைப் பார்த்தேன். வலது கை, நடுவிரல் வளைந்து ஒட்டிப்போயிருந்தது. தலை முழுக்க நரை, வெள்ளைச் சேலை, மடியில் ஒரு வேதப்புத்தகம். ஒரே சீட்டில், தோளோடு தோள். அவள் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நீரு அந்தத் தும்புக் கம்பெனி மணிக்காரரு இல்லியா?" ஏமானே என்று கூப்பிடவில்லை, அந்தக் காலம் போயிற்று. நீரு என்றாள், சரிசமமாக. எனக்கு வாயில் வந்தது என்ன தெரியுமா? "இல்ல, ஆளு மாறிப்போச்சு" என்றேன். ஐம்பது வருஷத்துக்குப் பிறகும் அதே பொய்.

அவள் கோபப்படவில்லை. நம்பவும் இல்லை என்று நினைக்கிறேன். வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அப்படியா. அவரக் கண்டா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அடிச்சதுக்கு இல்ல. அந்த நேரத்துல கையக் கழுவினாரே, அது எதுக்குன்னு கேக்கணும்." நான் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். நம் வீட்டுக்கு அங்கிருந்து இரண்டு மைல். அன்றைக்கு நான் வெயிலில் நடந்து வந்து விழுந்தேன், பஸ் கிடைக்கவில்லை என்று சரோஜாவிடம் சொன்னேன். அதுவும் பொய்.

இப்போது உன் பூட்டுக்கு வருகிறேன். அந்தப் பிள்ளைகள் விளையாட்டுக்கு அழுத்தினார்கள் என்று எழுதினாய். அழுத்தட்டும். பத்து தடவை சும்மா அழுத்தட்டும், மில் நிற்கட்டும், மேலே உள்ளவர்கள் உன்னைத் திட்டட்டும். சாவி உன் மேசைக்குள் இருக்கும்போது நீ சாப்பிடப் போயிருப்பாய். இல்லையென்றால் வாசலில் இருக்கிற ஆள், சூப்பர்வைசர் சார் வரட்டும் என்பான். அவனும் கெட்டவனாக இருக்க மாட்டான். நான் கெட்டவனாக இருந்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, சுத்தமாக இருந்தேன், சொன்னபடி கேட்கிறவனாக இருந்தேன். அது போதுமானதாக இருந்தது. தீயை முதலில் பார்ப்பது தீக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவள்தான். அவள் கைக்கு எட்டாத மணி யாருக்கும் மணி இல்லை. இந்தக் கடிதத்தை மடித்து வைக்குமுன் எழுந்து போய் அந்தப் பூட்டைக் கழற்று. கழற்றிவிட்டு எனக்கு ஒரு கார்டு போடு. அதுவரை எனக்குச் சோறு இறங்காது என்று எழுதச் சொல்லவில்லை, ஆனால் உனக்குத் தெரியும்.

இன்னொன்றும் வேண்டும். பொங்கல் லீவுக்கு வரும்போது நல்ல காகிதம் இரண்டு வாங்கி வா. நடந்ததை நடந்தபடி சரோஜாவை விட்டு எழுதச் சொல்லாமல் நீயே உன் கையால் எழுது. அதற்குக் கீழே நான் இன்னொரு தடவை கைநாட்டு வைக்கிறேன். பிறகு நீ என்னை மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அவள் அங்கே தன் மகள் வீட்டில் இருக்கிறாளாம், வளைந்த விரலை அடையாளம் சொல்லி விசாரித்து வைத்திருக்கிறேன். தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை, வழியில் இறங்கிவிடுவேன். அவள் வாசலில் எங்கே நில் என்று சொல்கிறாளோ அங்கே நிற்பேன். கை எதற்குக் கழுவினேன் என்று கேட்டால் சொல்ல எனக்கு நல்ல பதில் இல்லை, உள்ளதைச் சொல்லுவேன். மன்னிப்பு என்று நான் கேட்கப்போவதில்லை. அதையும் அவளிடம் வாங்கிக்கொண்டு வரக் கூசுகிறது.

முதலாளி போய்ச் சேர்ந்தார், இரண்டாம் மகாயுத்தம் தொடங்கின வருஷம். கணக்கர் அதற்கு முன்னாலேயே பாரிசவாயுவில் போனார். சாப்பிடப் போயிருந்த கங்காணி கொஞ்ச நாளில் மலைக்காய்ச்சல் கண்டு போனார். விசாரித்த அதிகாரியும் எழுதின குமாஸ்தாவும் இருக்க வழியில்லை. அன்று கீழே வேலை செய்தவர்களில் நான் அறிந்த எல்லாரும் கல்லறைக்கும் சுடுகாட்டுக்கும் போயாயிற்று. என்னை நீ இந்தக் கணக்கில் சேர்க்காதே, அன்று நடந்ததை நடக்கவில்லை என்று நானே கைநாட்டு வைத்துக் கொடுத்தவன். அந்தக் காகிதத்தில் முன்னறிவித்தவர் யாருமில்லை என்று இருக்கிறதே, அதே வரியை நீ எழுது, யாருமில்லை என்பதை மட்டும் எழுதாதே. அந்த இடத்தில் ஒரு பெயர் வேண்டும், இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லாத பெயர். அவள் இருக்கிறாள், அவள் ஒருத்திதான் இருக்கிறாள். ஞானப்பூ.